கேட்கலாமா?



உங்களிடம் ஒன்று கேட்கலாமா?

இந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி உற்றுப் பாருங்கள். இதில் 'நான்' இல்லை, 'நீங்கள்' இல்லை. கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்று எதுவும் சொல்லப்படவில்லை. ஆயினும் பொருள் முழுவதும் விளங்குகிறது. கதவருகே நின்று தொண்டையைச் செருமிக்கொள்வதைப் போன்றதொரு சொல் இது. நாற்பத்தாறு ஆண்டுகளாகத் தமிழ் பேசியும், பட்டப்படிப்புக்குத் தமிழ் இலக்கியத்தையே பாடமாக எடுத்தும், இச்சொல்லின் அருமையை நான் உணர்ந்தது நம் ஊரில் அன்று. வடதுருவத்தை ஒட்டிக்கிடக்கும் ஃபின்லாந்து நாட்டில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சலவை அறையில், தலைகுனிந்து நின்றபோதுதான் உணர்ந்தேன்.

என் தங்கை ஃபின்லாந்தில் வாழ்கிறாள். தலைநகர் ஹெல்சிங்கியை அடுத்த எஸ்போ நகரில் அவளுடைய கணவருக்குக் கணினி வேலை. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கடைசி ஐந்தாண்டுகளில் அவள் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. விடுமுறை கிடைக்கவில்லை, விமானக் கட்டணம் கூடுதல், மொழி வகுப்பு நடக்கிறது என்று ஆண்டுக்கொரு காரணம் சொன்னாள். "நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா" என்று எங்கள் உம்மா கண் கலங்கிச் சொன்ன பிறகு, 2023 ஜூன் மாதத்தில் கல்லூரி விடுமுறையில் இருந்த என் மூத்த மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மதரஸாவில் இரண்டு மாத விடுப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. அது வேறு கதை.

அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பதினொரு மணி நெருங்கிவிடும். நான்கு மணிக்கு முன்பே மீண்டும் உதித்துவிடும். மஃரிபுக்கும் ஃபஜ்ருக்கும் இடையில் உறக்கத்தை எங்கே வைப்பது என்றறியாமல் முதல் வாரம் தடுமாறினேன். உறக்கம் வராத அந்த வெளிச்ச இரவுகளில்தான் தங்கையின் மொழிப்பாடப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

புரட்டியவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஃபின்னிஷ் மொழியில் 'தலோ' என்றால் வீடு. 'தலோஸ்ஸா' என்றால் வீட்டில். 'தலோஸ்தா' என்றால் வீட்டிலிருந்து. நாம் சொல்லின் வாலில் உருபைச் சேர்ப்பது போலவே அவர்களும் சேர்க்கிறார்கள். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்குப் பதினைந்து! வினாவும் அவ்வாறே. 'துலே' என்றால் வருகிறார். அதன் ஈற்றில் 'கொ' சேர்த்து 'துலேக்கொ?' என்றால் 'வருகிறாரா?'. நம்முடைய ஈற்று 'ஆ' செய்யும் வேலையை அங்கே அந்தக் 'கொ' செய்கிறது.

இரு மொழிகளும் உறவா என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், ஃபின்னிஷ் உள்ளிட்ட மொழிகளைச் 'சித்தியக் குடும்பம்' என்று கூட்டி, அவற்றோடு திராவிட மொழிகளுக்கு நெருக்கம் உண்டென்று கருதினார். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை. ஃபின்னிஷ் யுராலிக் குடும்பத்தது. எஸ்தோனிய மொழியும் ஹங்கேரிய மொழியும் அதன் உறவுகள். ஆயினும் தமிழை நேசித்த ஃபின்லாந்துக்காரர் உண்டு. சிந்துவெளி எழுத்துகளை ஆராய்ந்து அவற்றின் மொழி திராவிடமே என்று வாதிட்ட அஸ்கோ பர்போலா, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குச் செம்மொழித் தமிழ் விருது வழங்கப்பட்டது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

அங்குள்ள பல கட்டடங்களில் அடித்தளத்தில் எல்லார்க்கும் பொதுவாகச் சலவை அறை இருக்கும். சுவரில் தொங்கும் தாளில் வீட்டு எண்ணை எழுதி, வேண்டிய நேரத்தை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் நேரம் முடியும் தறுவாயில், அடுத்த நேரத்துக்கு உரிய மூதாட்டி ஒருவர் கூடையுடன் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும். தங்கையின் மாடிக்குக் கீழ்மாடியில் தனித்து வாழ்பவர் என்று அறிவேன். எனக்கோ புதிதாகக் கற்ற மொழியைப் பேசிப் பார்க்கும் துடிப்பு. நம் ஊரில் ஒரு பெண்ணைக் கண்டால் முதலில் எதைக் கேட்போம்? அதையே கேட்டேன்.

"ஒன்கொ தெய்ல்லா லப்ஸியா?" உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?

பிழையே இல்லாத வாக்கியம். மரியாதைப் பன்மையைக்கூட மறக்கவில்லை. நமக்கு 'நீ'யும் 'நீங்க'ளும் இருப்பது போல அவர்களுக்கு 'ஸினா'வும் 'தே'யும் உண்டு. 1970-களுக்குப் பிறகு பெரும்பாலோர் எல்லாரையும் 'ஸினா' என்றே அழைத்தாலும், முதியவரிடம் 'தே' என்பது இன்றும் பண்பு என்று புத்தகம் சொல்லியிருந்தது.

மூதாட்டி என்னைப் பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒலி. உக்ஸி" என்றார்.

'உக்ஸி' என்றால் ஒன்று என்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை! மகிழ்ச்சியோடு, "ஹுவா! ஹுவா!" என்றேன். நல்லது, நல்லது என்று பொருள். அவர் கூடையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், ஒன்றும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டார். அவருடைய நேரம் முழுவதும் சலவை இயந்திரம் சும்மா கிடந்தது.

இரவு உணவின்போது இதைப் பெருமையாகத் தங்கையிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சோற்றுப் பிடி தட்டிலேயே விழுந்தது.

"ராத்தா, 'ஒன்' என்றால் இருக்கிறது. 'ஒலி' என்றால் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகன். இறந்துவிட்டான்."

ஓர் எழுத்து கூடுதல், அவ்வளவுதான். இருக்கிறான் என்பது இருந்தான் என்றாகிவிட்டது. அதற்கு நான் 'நல்லது, நல்லது' என்று சொல்லியிருக்கிறேன். அன்றிரவு உறக்கம் வராததற்குச் சூரியன் மேல் பழி போட முடியவில்லை.

வாசகர்களே, இலக்கணத்தில் தேறியவளாகவும் பண்பில் தோற்றவளாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எங்கே தவறினேன் என்று கற்றேயாக வேண்டும் என்ற எண்ணத்தில், நூலகத்தில் நடக்கும் மொழிச் சிற்றுண்டிக் கூட்டத்துக்குத் தங்கையுடன் போனேன். ஃபின்லாந்து நூலகங்களில் இப்படியொரு நல்ல ஏற்பாடு உண்டு. வெளிநாட்டார் வந்து அமர்ந்து, உள்ளூர்த் தொண்டர்களோடு அவர்கள் மொழியில் பேசிப் பழகலாம். கட்டணமில்லை. எங்கள் மேசைக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நானும் ஆசிரியை என்றதும் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆசையில், அகராதியைப் பார்த்து, 'எனக்கு அறியும் ஆவல் அதிகம்' என்பதற்கு "ஒலென் உத்தெலியஸ்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். 'உத்தெலியஸ்' என்பது குழந்தைக்குச் சொன்னால் அழகாம். வளர்ந்தவரைச் சொன்னால், அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் என்ற வாடை வீசுமாம். துருவித் துருவிக் கேட்பதைக் குறிக்கும் வினைச்சொல்லோடு உறவுடைய சொல் அது. கல்வி சார்ந்த ஆவலுக்கு வேறொரு சொல் உண்டு. அறிவு, விருப்பம் என்னும் இரண்டையும் ஒட்டவைத்து ஆக்கியது. நமக்கும் இவ்விரண்டும் வேறு வேறுதானே! இல்ம் தேடுவதைக் கடமையாக்கிய நம் மார்க்கம், பிறர் அந்தரங்கத்தைத் துருவும் தஜஸ்ஸுஸைத் தடுத்திருக்கிறது. இரண்டுக்கும் வாய் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம்.

பிறகு அந்த அம்மையார் எனக்குப் பாடம் நடத்தினார். 'தயவுசெய்து' என்று வாக்கியம்தோறும் ஒட்டவைக்கத் தோதான ஒரு சொல் ஃபின்னிஷ் மொழியில் இல்லை. (நாமும் அதை விண்ணப்பங்களில்தான் எழுதுகிறோம், வீட்டில் யார் தயவுசெய்து உப்புக் கேட்கிறார்கள்?) அங்கே பணிவு தனிச் சொல்லாக வராமல் வினைச்சொல்லின் வயிற்றுக்குள் புகுந்துகொள்கிறது. 'ஹலுவன் தியெத்தா' என்றால் 'அறிய விரும்புகிறேன்'. காவல் அதிகாரியும் அப்படிச் சொல்லலாம். அதனுள் 'இஸி' என்னும் இடைநிலையை நுழைத்து 'ஹலுவைஸின் தியெத்தா' என்றால், 'வாய்க்குமாயின் அறிய விரும்புவேன்' என்றாகிறது. விருப்பம் அதேதான், நிபந்தனைக்குள் அடங்கி உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு வழியில் 'நான்' என்பதே வாக்கியத்தின் தலைமையிலிருந்து இறங்கிவிடும். 'மினுவா கீன்னொஸ்தைஸி தியெத்தா' என்பார்கள். அதில் நான் செய்பவளாக இல்லை. அறியும் ஆவல் என்னைப் பிடித்து இழுப்பதாக வாக்கியம் அமைகிறது. நாமும் 'எனக்குத் தெரியவில்லை', 'எனக்குப் பிடிக்கிறது' என்று நம்மை நான்காம் வேற்றுமைக்குள் ஒதுக்கிக்கொள்வதை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக அவர் சொன்னபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. "ஸாக்கொ கியுஸியா?" இதில் நானும் இல்லை, நீயும் இல்லை. யாராயினும், கேட்க இடமுண்டா என்பது மட்டுமே. தங்கையிடம், "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்றேன். அவள் யோசிக்காமல், "கேட்கலாமா?" என்றாள்.

கேட்கலாமா! ஆளில்லாத அந்த வினா நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்திருக்கிறது.

அம்மையார் கடைசியாகச் சொன்னது, கேட்காமலே கேட்கும் வித்தை. 'துலேக்கொ?' என்பது 'வருகிறாரா?'. அதனோடு 'ஹன்' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்துத் 'துலேக்கொஹன்' என்றால் 'வருகிறாரோ?' என்றாகும். எதிரில் இருப்பவரை நோக்கி எறியாமல், நமக்குள் வியந்துகொள்வது போல மேசைமேல் வைத்துவிடும் வினா. விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையேல் அது அங்கேயே கிடந்து ஆறிப்போகும். நம் ஓகாரமும் அதையேதான் செய்கிறது. 'எங்கே போனாரோ', 'என்ன நினைத்தாளோ' என்னும்போது நாம் யாரையும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

கல்லூரியில் நன்னூல் படித்தபோது வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்தேன். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடைகளும் சுட்டு முதல் இனமொழி வரை வரிசையாக நினைவிருக்கின்றன. அந்த எட்டில் மௌனம் என்றொரு விடை இல்லை. ஃபின்லாந்தில் நான் கண்ட வரையில் அது முழுமையான விடை. கேள்வி கேட்டதும் எதிரில் இருப்பவர் ஜன்னலைப் பார்க்கிறார். நாமும் ஜன்னலைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். நான்கு நொடிகள் கழியும். நம் ஊர்ப் பெண்ணுக்கு நான்கு நொடி மௌனம் என்பது எவ்வளவு பெரிய சோதனை என்று சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இரண்டாம் நொடியிலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவேன்.

நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் தங்கையிடம் கேட்டேன்: "அந்தக் கீழ்வீட்டம்மா அவ்வளவு பேசாதவராயிற்றே. மகன் இறந்ததை உன்னிடம் எப்படிச் சொன்னார்?"

அவள் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதன்முதலாக மூன்றாம் நொடியையும் நான்காம் நொடியையும் விழுங்கினேன்.

பிறகு அவள் சொன்னாள். 2021 நவம்பர் மாதம். மாலை நான்கு மணிக்கே இருண்டுவிடும் காலம். மருத்துவமனையிலிருந்து தனியாகத் திரும்பியவள், படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதியில் நின்றிருக்கிறாள். கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். மேலேயிருந்து இறங்கி வந்த மூதாட்டி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸான்கொ கியுஸியா? எய் தர்விட்ஸெ வஸ்தத்தா" என்றாராம். நான் ஒன்று கேட்கலாமா? பதில் சொல்ல வேண்டியதில்லை.

"எய் வியெலா" என்று தங்கை சொல்லியிருக்கிறாள். இப்போது வேண்டாம், இன்னும் இல்லை.

"ஸெல்வா" என்றாராம் அவர். நம் செல்வத்துக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. 'தெளிவு, சரி' என்று பொருள். தங்கையின் பையை வாங்கி வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் போய்விட்டார். அதன்பிறகு எட்டு மாதங்கள் படிக்கட்டில் கண்டால் தலையசைப்பதோடு சரி. ஒருநாளும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஜூலையில் தங்கை தானாகப் போய் அவர் கதவைத் தட்டினாள். "இப்போது சொல்கிறேன்" என்றாள். அன்றுதான் அவரும் தம் மகனைப் பற்றிச் சொன்னாராம்.

"என்ன சொன்னாய் அவரிடம்?" என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளே சொல்லிவிட்டாள். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை ஐந்தாம் மாதம். உம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் அந்தப் பேருந்து நிறுத்தம் வரை தெரியாது.

அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். எங்களுக்குள் பதினொரு வயது வித்தியாசம். கீழ்வீட்டு அந்நியப் பெண்மணிக்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமை உண்டென்றே அந்த நொடியில் நினைத்தேன். அவளே அதற்கும் விடை சொன்னாள்: "நீ வாராவாரம் கேட்டாய், ராத்தா. சொல்லாமலிருக்க விட்டால்தானே சொல்ல முடியும்."

உண்மைதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் பேசுவோம். ஸலாம், உடல்நலம், சமையல் எல்லாம் முடிந்தபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பேன். எவ்வளவு நயமான சொல் பாருங்கள்! கருவைக் கருவென்று சொல்லாமல் விசேஷம் என்று மூடி மறைத்துக் கேட்கும் நாகரிகம். நம் பெண்களின் பேச்சில் இதைவிடப் பண்பான வினா இல்லையென்று நான் எண்ணியிருந்தேன். ஓராண்டுக்கு 52 வெள்ளிக்கிழமைகள், ஒன்பதாண்டுக்கு 468. விட்டுப்போன வாரங்களைக் கழித்தாலும் நானூறு முறைக்குக் குறையாது. பட்டுத்துணியில் பொதிந்து நானூறு கற்கள். 'எய் வியெலா' என்று சொல்ல அந்தக் கேள்வியில் எங்கே இடமிருந்தது? 'இல்லை' என்ற ஒரு விடைதான் அவளிடமிருந்தது. அதையே நானூறு முறை சொல்லவைத்திருக்கிறேன்.

ஊருக்கு வராததன் காரணமும் அதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்தால் நாற்பது ராத்தாமார் கேட்பார்கள். எல்லாரும் அன்பாகவே கேட்பார்கள்.

ஒரு வீட்டு வாசலில் மூன்று முறை ஸலாம் சொல்லியும் அனுமதி கிடைக்காவிட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக மாணவியருக்கு நடத்தி வருகிறேன். மரக்கதவுள்ள வீட்டுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதுபோல நடத்தியிருக்கிறேன்.

இவ்வளவு சொன்னதால், அந்நாட்டாரின் வழியே சிறந்தது, நம் வழி தாழ்ந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போன நாளில் வேறொன்றும் தெரிந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தோடு தங்கையையும் அழைத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். "அன்தேக்ஸி, எத்தா கியுஸின்" என்றேன். கேட்டதற்கு மன்னியுங்கள்.

"எய் ஸெ மித்தான்" என்றார்; ஒன்றுமில்லை என்று பொருள். உள்ளே அழைத்துக் காபி ஊற்றினார். உலகிலேயே தலைக்கு மிக அதிகமாகக் காபி குடிப்பவர்களில் ஃபின்லாந்து மக்கள் முன்வரிசையில் நிற்பவர்கள்; பால் கலக்காத கசப்பு. கூடவே வைத்த ரொட்டியைப் பிட்டதும் ஏலக்காய் மணந்தது. அந்த மணத்தில் உம்மாவின் அடுக்களை நினைவு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது.

தங்கை மொழிபெயர்க்க, அவர் நிதானமாகப் பேசினார். மகன் இறந்து பதினாறு ஆண்டுகள். அடக்கம் முடிந்தபின் உறவினர், அயலார், உடன் வேலை செய்தவர்கள் ஒருவரும் அவனைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. மனம் புண்படுமே என்ற மரியாதை. மரியாதையாகவே பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. "இவர் கேட்டது தவறில்லை, 'ஹுவா' என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு இருவருமே அழுதோம்.

"ஸான்கொ கியுஸியா?" என்றேன். அவர் தலையசைத்தார். மகன் எப்படிப்பட்டவன் என்று கேட்டேன். நெடுநேரம் ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டு, எழுந்து போய்ப் புகைப்படங்களைக் கொண்டுவந்தார். பறவைக்கூண்டுகள் செய்வானாம். பள்ளிக்காலத்தில் அவன் செய்த ஒன்று பால்கனியில் இன்னும் தொங்கியது.

நாங்கள் விடைபெறும் நேரத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "ஒன்கொஹன் ஸெ கூமா கெஸல்லா..."

அந்த 'ஹன்' என் காதில் விழுந்துவிட்டது! 'அது கோடையில் வெப்பமாக இருக்குமோ...' என் தலையிலிருந்த முக்காட்டைப் பற்றித்தான். இரண்டு வாரமாக என்னைக் காணும்போதெல்லாம் அவருக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவளாகிவிடுவேன் என்று ஜன்னலிடம் கேட்டிருக்கிறார். நானும் ஜன்னலைப் பார்த்தே, "யொஸ்குஸ்" என்றேன். சில வேளைகளில். அவருக்கு அந்த விடை மிகவும் பிடித்துப்போயிற்று. அதன்பின் நோன்பு, தொழுகை, பெருநாள் என்று பலவற்றையும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'ஸாக்கொ' வந்தது.

அந்நாட்டில் முஸ்லிம்கள் உண்டா என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றியிருக்கும். உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வணிகத்துக்காக வந்து குடியேறிய தாத்தாரிய முஸ்லிம்கள் 1925-இல் தங்கள் ஜமாஅத்தை அரசில் பதிவு செய்தார்கள். யார்வென்பா என்னும் ஊரில் அவர்கள் 1940-களில் எழுப்பிய மரப்பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அண்மைக்காலத்தில் சோமாலியா, இராக் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே இன்று எண்ணிக்கையில் மிகுதி.

அந்நாட்டார் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 'மித்தா கூலூ?' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என்ன கேட்கிறது?'. காதில் விழுவதைக் குறிக்கும் சொல் அது. அதே வேரிலிருந்துதான் காவல் நிலைய விசாரணையைக் குறிக்கும் சொல்லும் பிறந்திருக்கிறது. நமக்கு வினவுவதும் செவிமடுப்பதும் 'கேள்' என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'கேளிர்' என்றால் உறவினர் என்று சங்கத் தமிழ் சொல்லும். பி.ஏ. வகுப்பில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

ஜூலை இறுதியில் ஊர் திரும்பினேன். உம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தங்கையிடமே கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவள் அனுமதித்தவற்றை மட்டும் சொன்னேன். இக்கட்டுரையையும் எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். ஓரிடத்தில் இரண்டு வரிகளை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைத் தொலைபேசி இன்றும் தொடர்கிறது. நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபின் நான், "ஸாக்கொ கியுஸியா?" என்பேன். சில வாரங்களில் "ஸா" என்று அனுமதி வரும். சில வாரங்களில் அவளே முந்திக்கொண்டு எதையாவது சொல்லத் தொடங்கிவிடுவாள். சென்ற வாரம் நீண்ட மௌனம். நான் அடுக்களை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "எய் வியெலா, ராத்தா" என்றாள்.

"ஸெல்வா" என்றேன். கொல்லை முருங்கை இந்த ஆண்டு கிளை ஒடியக் காய்த்திருப்பதையும், உம்மா அதைத் தெரு முழுவதும் கொடுத்தனுப்பிக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.